கைக்கொண்டதும் கைவிட்டதும்

'கைவிடுதல்' என்பது நாம் நாள்தோறும் வழங்கும் எளிய சொல். அதனைச் சற்றே பிரித்து நோக்குவார்க்கு அதனுள் ஓர் அறம் ஒளிந்து நிற்பது புலனாகும். கையில் இல்லாத ஒன்றை எவரும் விட இயலாது. ஆகவே, கைவிடுதலுக்கு முன்னே கைக்கொள்ளுதல் என ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும். தெருவிலே பிறந்து தெருவிலே திரியும் நாயை ஒருவன் விரட்டலாம்; கல்லால் அடிக்கவும் செய்யலாம். அது கொடுமையே. ஆயினும் அவன் அதனைக் கைவிட்டான் என்று மொழி சொல்லாது. மடியில் இருத்திப் பாலூட்டி, பெயரிட்டு, அப்பெயரைக் கேட்டு ஓடிவரப் பழக்கிய உயிரைத்தான் கைவிட முடியும். அந்நியன் செய்ய முடியாத ஒரு தீமையைச் செய்யும் ஆற்றலை அன்பு நமக்குத் தந்துவிடுகின்றது.

இவ்வியல்பை முன்னிறுத்தி, வீட்டில் வளர்த்த உயிர்களைத் தெருவில் விடுவது பற்றியும், அவ்வாறு விடப்பட்டவற்றை ஏந்திக்கொள்ளும் புகலிடங்கள் படும் பாடு பற்றியும் சில எண்ணங்களை இம்மலரில் வைக்க விரும்புகின்றேன். பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு இல்லை. அதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று.

நான் வளர்ந்தது பாகாலாவில். காட்பாடியிலிருந்து வரும் இருப்புப்பாதையும், திருப்பதி வழியாகக் கூடூர்க்குச் செல்லும் பாதையும், பீலேரு, கதிரி வழியாகத் தர்மாவரம் செல்லும் பாதையும் கூடுகின்ற சந்திப்பு அது. 1911 வரை வடார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. பின்னர்ச் சித்தூர் மாவட்டம். 1953 முதல் ஆந்திரம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதனைக் கைக்கொண்டவர்களும் கைவிட்டவர்களும் மாறிக்கொண்டே வந்தனர் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி வளர்ந்தோம்.

எங்கள் இருப்புப்பாதைக் குடியிருப்பில் ஒரு நாய் வளர்த்தோம். மணி என்று பெயர். தமிழர் வீட்டு நாய்களில் பாதிக்கு அப்பெயர்தான். அண்டை வீட்டார் அதனை 'மணிகாடு' என்று தெலுங்காக்கிக் கொண்டனர். கரிக்குவியலின் ஓரத்தில் கண் திறவாத குருளையாய்க் கிடந்ததை எடுத்து வந்தவன் நான்தான். 1968 ஆம் ஆண்டு தந்தையாருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் ஆணை வந்தது. அந்நாளில் வண்டியின் பின்பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு உண்டு. அதற்குச் சீட்டும் உண்டு. இரயில்வே ஊழியரான என் தந்தையார் அதனை அறியாதவர் அல்லர். ஆயினும் விழுப்புரத்தில் கிடைத்த வீடு சிறிது, தாயார் கருவுற்றிருந்தார், நான் அழுதபோது தந்தையார் ஒன்றே சொன்னார்: "ஊர் பார்த்துக்கொள்ளும்." மணி வெளிச் சிக்னல் வரையில் வண்டியோடு ஓடி வந்தது. அதன் பிறகு வண்டி விரைவு கொண்டுவிட்டது.

இரண்டு திங்கள் கழித்து அண்டை வீட்டாரிடமிருந்து தெலுங்கில் ஒரு கடிதம். அரிசி விலை, ஏரி நிரம்பியது, இன்னார் மகளுக்குத் திருமணம் என்றெல்லாம் எழுதிவிட்டு, ஈற்றில் இரண்டு வரி: உங்கள் நாயைக் கடைத்தெருவில் ஒருவர் கட்டி வைத்திருந்தார், அறுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது, அங்கே இப்போது குடியிருப்பவர்களிடம் வேறு நாய் இருக்கின்றது. இவ்வளவே. அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டு எழுதவில்லை. ஓர் அஞ்சலட்டையின் செலவுதான் ஆகியிருக்கும். கேட்டால் விடை வந்துவிடுமே என்ற அச்சமே காரணம் என்று இன்று எனக்குத் தோன்றுகின்றது.

"ஊர் பார்த்துக்கொள்ளும்" என்ற சொல்லை நெடுங்காலம் ஒரு பொய்யென்றே கருதி வந்தேன். ஆழ எண்ணுங்கால் அது முழுப்பொய் அன்று. அன்றைய ஊர் ஓரளவு பார்த்துக்கொள்ளத்தான் செய்தது. ஒவ்வொரு வீட்டிலும் புறக்கடை இருந்தது. மிஞ்சிய சோறு இருந்தது. நாய் என்பது பாதி வீட்டுக்கும் பாதி வீதிக்கும் உரியதாய் இருந்தது. மணியும் பகலெல்லாம் நிலையத்துத் தேநீர்க் கடையருகே கிடந்து, இரவில் எங்கள் திண்ணைக்கு வருவதே வழக்கம். அது விட்டுப் பிரிந்த வீடு ஒன்றே. வீதியை அது இழக்கவில்லை.

இன்று கைவிடப்படும் நாயின் நிலை வேறு. அது வீதியை ஒருநாளும் அறியாதது. விலை கொடுத்து வாங்கப்பட்டது. குளிர்நாட்டு இனமாயின் மின்விசிறியின் கீழேயே வளர்ந்தது. தட்டில் வைத்ததைத் தின்றதேயன்றித் தேடித் தின்றறியாதது. பனிப்பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைச் சித்தூர்ச் சீமையின் கத்திரி வெயிலில் வளர்க்க முனைவோர் இருக்கின்றனர். குட்டியாய் இருக்கையில் பஞ்சுப்பொதி போலிருந்தது. ஈராண்டில் நாள்தோறும் மயிர் உதிர்க்கும், வேளைக்கு வேளை நடத்திச் செல்ல வேண்டிய பெரிய விலங்காகின்றது. தோலில் நோய் வரும். உண்ணிக் காய்ச்சல் வரும். மருத்துவத்துக்குப் பாகாலாவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒருநாள் மாலை நெடுஞ்சாலையில் சீருந்தின் கதவு திறக்கின்றது, நாய் இறங்குகின்றது, கதவு மூடுகின்றது. சிலர் கோயில் வாசலைத் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கே விட்டால் பழி தெய்வத்தைச் சேரும் என்பது அவர்தம் கணக்குப் போலும்.

இறக்கிவிடப்பட்ட அந்நாய்க்கு அவ்விடம் பகைவர் நாடு. ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. புதிதாய் வந்ததை அவை கடித்து விரட்டும். பெரும்பாலும் அது விட்ட இடத்தை விட்டு அகலாமல், வருகின்ற ஊர்திகளை எல்லாம் ஏறிட்டு நோக்கியவாறு நிற்கும். ஊர்தி மோதி மாய்வனவும் அவ்வாறு நிற்பவையே. தெருநாய்க்குத் தெரு வாழ்விடம். வளர்ப்பு நாய்க்கோ அது தண்டனைக்களம். இவ்வேறுபாட்டை உணராமல் "தெருவில் எத்தனையோ நாய்கள் பிழைக்கவில்லையா?" என்று வினவுவார்க்கு விடையிறுத்தல் எளிதன்று.

நம் மரபு இது குறித்து என்ன சொல்கின்றது என்று தேடப் புகுந்தால், முதலில் நம் முன் வந்து நிற்போர் வள்ளல்கள் இருவர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனால், இவ்விரு வள்ளன்மையும் என் உள்ளத்துக் கேள்விக்கு முழுவிடை தருவதில்லை. பாரியும் பேகனும் செய்தது கொடை. ஒரு கணத்து நெகிழ்ச்சியில் எழுந்து, அக்கணத்திலேயே நிறைவுற்றுவிட்ட செயல். மறுநாள் அம்மயிலுக்கு இரை வைத்தது யார்? கேள்வி பேகனைக் குறை கூறுவதற்காக எழுந்ததன்று. மயில் காட்டுக்குரியது, அதற்கு அவன் கடன்பட்டவனும் அல்லன். கடன்படாதவன் கொடுப்பதால்தான் அது கொடையாயிற்று. வளர்ப்பவனின் நிலை இதற்கு நேர்மாறு. அவன் இடும் சோறு கொடையன்று, கடன். முந்நூற்று அறுபத்தைந்து நாளும், மழையிலும், நோயிலும், திருமண வீட்டுக்குப் போக வேண்டிய நாளிலும் அடைக்க வேண்டிய கடன். நம் இலக்கியம் கொடையை மிகப் பாடிற்று. இந்தச் சில்லறைக் கடனைப் பாடுவார் அரியர். பாடுவதற்குரிய பெருமிதம் அதில் இல்லாமை காரணமாகலாம்.

கல்லில் ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கின்றது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முந்தையது. ஆநிரைப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்த அக்கல்லில் அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதைக் கல்லெழுத்தே கூறுகின்றது. அக்காலத்து மாந்தர் பலருடைய பெயர் அழிந்தொழிய, ஒரு நாயின் பெயர் நின்று நிலைத்துவிட்டது. அக்கல்லை நினைக்குந்தோறும் மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் எழுகின்றது. கோவிவன் அன்று மாயாமல் பிழைத்து, மூத்து, கண் மங்கிக் காவலுக்கு உதவாமற் போயிருப்பின் அதற்குக் கிடைத்திருக்கக்கூடியது எதுவோ?

இதற்கு விடை தருவது வடமொழிப் பாரதத்தின் இறுதியில் வரும் நிகழ்ச்சி. வில்லிபுத்தூராரின் பாரதம் போரோடு முடிந்துவிடுவதால் தமிழ் படிப்போர் பலர் இதனைக் கதையாகக் கேட்டிருப்பரேயன்றிப் பாட்டாகப் படித்திரார். பெரும்பயணத்தில் தம்பியரும் பாஞ்சாலியும் ஒருவர் பின் ஒருவராய் வீழ்ந்துபட, தருமனோடு இறுதிவரை நடந்தது ஒரு நாய். தேர் கொணர்ந்த இந்திரன் நாய்க்கு விண்ணுலகில் இடமில்லை என்கின்றான். தன்னை நம்பி வந்ததைக் கைவிட்டு ஏறேன் என்று தருமன் மறுத்து நிற்கின்றான். பின்னர் அந்நாய் அறக்கடவுளே என்று தெரிய வருகின்றது. அந்தத் திருப்பம் மட்டும் இல்லாதிருந்தால் கதை இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். நாய் நாயாகவே இருந்திருக்க வேண்டும். கடவுள் மாறுவேடத்தில் வந்திருக்கக்கூடும் என்பதற்காகக் காக்கப்படும் உயிர், அதன் பொருட்டே காக்கப்பட்டதாகாது.

மேலை நாட்டு அறிஞரும் இதனை எண்ணாமல் இல்லை. செருமானிய மெய்யியலறிஞர் இமானுவேல் காண்ட், நெடுநாள் உழைத்து மூத்துவிட்ட நாயைச் சுட்டுக் கொல்வோனை எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்ந்தார். நாய்க்கு அவன் எக்கடமையும் தவறவில்லை; தன்னுள் இருக்கும் மாந்தப் பண்பைத்தான் அவன் சிதைத்துக் கொள்கின்றான் என்பது அவர் முடிபு. சிந்திக்கும் ஆற்றலைக் கேளாதீர், துன்புறும் ஆற்றலைக் கேளுங்கள் என்னும் கருத்தை 1789 இல் வெளிவந்த நூலில் வைத்தவர் ஆங்கில அறிஞர் பெந்தாம். இருவரில் எனக்குப் பெந்தாமே நெருங்கியவர். எனினும் இருவரும் ஒன்றை விட்டுவிட்டனர். துன்புறும் ஆற்றல் எல்லா நாய்க்கும் ஒன்றே. மணிக்கு நான் பட்ட கடன் மட்டும் ஏன் வேறு? அதற்கு உதவியின்றி வாழும் திறத்தை அழித்தவர் நாம் என்பதே விடை. கண் திறவாத குருளையை எடுத்து, தாயிடமிருந்தும் தெருவிடமிருந்தும் பிரித்து, எங்கள் வீட்டையே அதன் உலகம் ஆக்கினோம். ஒருவனுடைய காலை முறித்துவிட்டுக் கோலூன்றக் கொடுத்தவன், பின்னொருநாள் அக்கோலைப் பறித்துக்கொண்டு 'என் கோலைத்தானே எடுத்தேன்' என்று சொல்ல முடியுமா?

நாட்டின் சட்டம் இதனை ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் தனி உறுப்பினர் முன்வரைவாகக் கொணர்ந்ததன் விளைவாகவே 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புற நேருமாறு ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் அதன்படி குற்றம். முதல் முறைக்குத் தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தொகை மாறாதிருந்தது. நாய்ப் பட்டைக்குக்கூட அதைவிட மிகுதியாகக் கொடுக்கின்றோம். தொகை சிறிது என்பதைக் காட்டிலும், நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நிகழும் செயலுக்குச் சான்று சொல்லும் ஒரே உயிர்க்குப் பேச்சில்லை என்பது பெருந்தடை.

இனிப் புகலிடங்களுக்கு வருவோம். 1959 ஆம் ஆண்டின் பெருமழையில் சென்னைத் தியாகராய நகர்த் தெருவில் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் சுந்தரம் எடுத்துக் காத்ததிலிருந்து தொடங்கியது இந்திய நீலச் சிலுவைச் சங்கம். தெருநாய்களைக் கொல்லுவதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை அச்சங்கம் 1960களிலேயே மேற்கொண்டது. 1996 இல் சென்னை மாநகராட்சியும் அதனை ஏற்றது. 2001 இல் நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023 இல் புதிய விதிகள் வந்தன. அம்முறையின் உயிர்நிலை 'பிடித்த இடத்திலேயே விடுதல்'. அதற்கு ஓர் இடம் உண்டு என்பதே அதன் அடிப்படை. கைவிடப்பட்ட வளர்ப்பு நாய் வந்து சேர்ந்தால் இம்முறை தடுமாறிப் போகின்றது. அதனை எங்கே விடுவது? பிடித்த இடம் நெடுஞ்சாலை. அதன் இடமோ பூட்டிய கதவு. ஆகவே அது புகலிடத்திலேயே தங்கிவிடுகின்றது, ஆண்டுக்கணக்கில் தங்குகின்றது. காயமுற்ற தெருநாய்க்கென்று வைத்த கூண்டு அதனால் நிரம்புகின்றது.

புகலிடத்தின் உள்வாழ்க்கையை அருகிருந்து கண்டவர்க்கு அதன் பாரம் விளங்கும். புதிதாய் வருவதைச் சில நாள் தனியே வைத்தல் வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றொன்று நுழைந்தால் குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும். தனியே வைக்க இடமிராது. வீட்டில் வளர்ந்த நாய் நூறு நாய்களின் குரைப்புக்கிடையே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும், நாள்கணக்கில் உண்ணாது. ஊட்டுவதற்கு ஓர் ஆள் அருகில் அமர வேண்டும். அந்த ஆளுக்குக் கழுவ வேண்டிய கூண்டுகள் இன்னும் எத்தனையோ காத்திருக்கும். அமெரிக்க நாட்டில் இடமின்மை காரணமாக ஆண்டுதோறும் பல லட்சம் விலங்குகளை ஊசியிட்டு மாய்த்து வந்திருக்கின்றனர். நம் விதிகள் அதற்கு இடந்தருவதில்லை. நல்லதே. ஆனால் கொல்லாமையும் இடமின்மையும் ஒருங்கே வாய்த்த இடத்தில், கதவைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவை நாள்தோறும் எடுப்பவர் யாரோ ஓர் இளைஞரோ, ஓய்வு பெற்ற ஆசிரியையோ ஆவர். உள்ளே விட்டால் இருப்பவற்றுக்குச் சோறு குறையும். விடாவிட்டால் வாயிற்கம்பியில் கட்டிவிட்டுப் போய்விடுவர். பிறர் கைவிட்டதன் பழியைக் கைவிடாதவர் சுமக்கும் விந்தை இது. 2020 இல் கொரோனா பரவியபோது, விலங்குகளால் நோய் பரவும் என்ற வதந்திக்கு அஞ்சிப் பலர் வளர்ப்பு நாய்களைத் தெருவில் விட்டனர். அவ்வாறு செய்யாதீர் என்று விலங்கு நல வாரியமே அறிவிக்க நேர்ந்தது.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், சில நாளில் அதனைத் திருத்திய ஆணையும் நாடெங்கும் வழக்காடப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இருப்புப்பாதை நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிப் புகலிடங்களில் சேர்க்குமாறு மேலும் ஓர் ஆணை வந்தது. குழந்தைகள் கடியுண்டு வெறிநோயால் மாளும் நாட்டில் நீதிபதிகளின் கவலையை எள்ள நான் துணியேன். அக்குழந்தையின் தாய்க்கு முன் என் கட்டுரை நிற்காது. எனினும் செய்தியைப் படித்தபோது முதலில் என் நினைவுக்கு வந்தது பாகாலா நிலையத்துத் தேநீர்க் கடைதான். மணி இன்றிருந்தால் அந்த நடைமேடையும் அதற்கு இல்லை. சிற்றூர்களில் புகலிடம் என்பது பெரும்பாலும் ஒரு சொல்லே, கட்டடம் அன்று.

இங்கே ஒரு தடையை நானே எழுப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் சித்தூர்ச் சீமை வானம் பார்த்த பூமி. பால்மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் மிகப் பல. கலப்பினப் பசு ஈனும் காளைக் கன்றுக்கு உழவிலும் இடமில்லை, வண்டியிலும் இடமில்லை. பால் வற்றிய பசுவுக்கும் இட வேண்டிய தீவனம் தீவனமே. விற்பதற்கு ஒருபுறம் சட்டத்தின் தடை, மறுபுறம் மனத்தின் தடை. அவ்வுழவன் ஓரிரவில் கன்றை அவிழ்த்துவிட்டால், அவனையும் சீருந்தின் கதவைத் திறந்தவனையும் ஒரே தட்டில் நிறுத்தலாமா? நிறுத்த என் மனம் இசையவில்லை. இருவரும் கைவிட்டனர் என்பது உண்மை. ஒருவன் தன் பிள்ளையின் சோற்றுக்கும் கன்றின் புல்லுக்கும் இடையே நின்றான். மற்றவன் தன் வசதிக்கும் தன் வாக்குக்கும் இடையே நின்றான். கன்றுக்கோ இவ்வேறுபாடு தெரியாது. அதன் பசி ஒன்றே. இங்கே என் தருக்கம் முட்டுப்பட்டு நின்றுவிடுகின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் மாவட்டத்துக் குள்ள இனமான புங்கனூர்ப் பசு, பால் குறைவு என்று கைநழுவி அருகிப்போய், இன்று அதன் குறுமை கருதியே செல்வர் வீட்டுச் செல்லப்பிராணியாக விலையேறி நிற்பதைக் காணும்போது, சிரிப்பதா அஞ்சுவதா என்று தெரியவில்லை. பலமநேரியில் அவ்வினத்தைக் காத்து வளர்த்த ஆராய்ச்சி நிலையம் இல்லாதிருப்பின் விலைபேச ஒன்றும் எஞ்சியிராது.

என் தந்தையாரை நான் எங்கே நிறுத்துவது? அவர் செல்வரும் அல்லர், வறிஞரும் அல்லர். நாய்க்கூண்டுக்கு ஒரு சீட்டு வாங்கும் அளவுக்கு அவரிடம் பணம் இருந்தது.

சென்ற திங்கள் எங்கள் தெருவிலுள்ள ஒருவர் என்னிடம் வந்தார். மகன் பெங்களூரில் அடுக்ககத்தில் வீடு வாங்கியிருக்கின்றான்; தாமும் துணைவியாரும் அங்கே போகின்றனர்; எட்டு வயது நாய் ஒன்று இருக்கின்றது; நல்ல இடம் ஏதேனும் தெரியுமா என்று கேட்டார். அடுக்ககச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்ய இயலாது என்று விலங்கு நல வாரியம் 2015 இலேயே அறிவுறுத்தியிருப்பதைச் சொன்னேன். "சங்கம் தடுக்கவில்லை ஐயா, மருமகள் விரும்பவில்லை" என்றார். மூன்று புகலிடங்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். மூன்றிலும் இடமில்லை. கடைசியாகப் பேசிய அம்மையார், "நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார்.

இரவெல்லாம் அதையே எண்ணினேன். அந்நாய்க்கு இன்னும் ஐந்தாண்டு வாழ்வு இருக்கலாம். எனக்கு வயது 68. இப்போது கைநீட்டி வாங்கிவிட்டு, பின்னொரு நாள் நானறியாமலே கைவிட நேர்ந்தால் அதற்கு இரண்டாம் முறை வீடு பறிபோகும். காலையில் சென்னையிலிருக்கும் என் மகளுக்குக் கடிதம் எழுதினேன். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் இந்நாயை நீ வைத்துக்கொள்வாயா, வைத்துக்கொள்ள இயலாதெனில் இப்போதே சொல்லிவிடு, வருந்தமாட்டேன் என்று எழுதியிருக்கின்றேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்பதால் கேட்கவில்லை. அண்டை வீட்டார் பதினைந்தாம் நாள் புறப்படுகின்றார். விடை இன்னும் வரவில்லை.